வேகம் குறையாத கை, வேகம் குறைந்த பந்து: மட்டக்களப்பு இளம் பந்துவீச்சாளருக்கு மெதுபந்து கற்பித்தல்

1. முன்னுரை

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடல்வரை நீளும் எழுவான்கரையிலும், மேற்கே வயல்வெளியாக விரியும் படுவான்கரையிலும், கிரிக்கெட் ஆடத் தொடங்கும் பிள்ளையின் கைக்கு முதலில் வருவது டெனிஸ் பந்துதான். ஊர்க் கழகங்கள் நடத்தும் மென்பந்துச் சுற்றுப்போட்டிகளில் ஓவர்கள் குறைவு. துடுப்பாட்டக்காரர் முதற் பந்திலிருந்தே விளாசப் பார்ப்பார். அத்தகைய ஆட்டத்தில் வேகப்பந்து வீச்சாளரைக் காப்பாற்றுபவை இரண்டு: ஒன்று யோர்க்கர், மற்றது களத்தில் 'ஸ்லோ போல்' என்று சொல்லப்படும் மெதுபந்து. யோர்க்கருக்குப் பயிற்சியில் நேரம் ஒதுக்கப்படுகிறது. காலணியை வைத்துக் குறிபார்க்கச் சொல்கிறார்கள். மெதுபந்தோ பெரும்பாலும் மூத்தவர்களைப் பார்த்துப் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளட்டும் என்று விடப்படுகிறது.

அப்படிப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளில் பலர் கற்பது பந்தை மெதுவாக விடுவதை அல்ல, கையை மெதுவாகச் சுற்றுவதை. இரண்டும் வேறு வேறு. பந்து மெதுவாக வரும் என்பதைச் சுற்றுகிற கையே முன்கூட்டிச் சொல்லிவிட்டால், துடுப்பாட்டக்காரருக்கு அது இலவசமாகக் கிடைத்த ஆறு ஓட்டம்.

12 முதல் 17 வயது வரையுள்ள வேகப்பந்து வீச்சாளருக்கு மெதுபந்தை எந்த ஒழுங்கில், எந்தப் பிடியில், எவ்வளவு கற்பிப்பது என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா. அதன் கருதுகோள் இது: மெதுபந்தில் மாற வேண்டியது விரல்களுக்கும் பந்துக்கும் இடையிலான தொடர்பு ஒன்றே, ஓடிவரும் வேகம், தாவல், கைச்சுற்று, முகம் ஆகிய எதுவும் மாறக் கூடாது. ஆகவே பிடியிலிருந்து கற்பித்தலைத் தொடங்குவது தலைகீழான முறை. கை வேகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

2. ஆய்வுப் புலமும் ஒப்பீடும்

2.1 மென்பந்துக் கிரிக்கெட்

இங்கே 'மென்பந்து' என்பது டெனிஸ் பந்தால் ஆடும் கிரிக்கெட்டையே குறிக்கிறது. டெனிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம் வரை நிறையுடையது. ஆடவருக்கான கடினப்பந்து 155.9 முதல் 163 கிராம் வரை. விட்டத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஏறக்குறைய ஒரே பருமன், மூன்றிலொரு பங்கு நிறை என்பதால், காற்றின் தடை டெனிஸ் பந்தின் வேகத்தைக் கடினப்பந்தினதைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகக் குறைக்கிறது. மெதுபந்து கற்பிக்க இது ஒரே நேரத்தில் வாய்ப்பும் பொறியும் ஆகும். பந்து தானாகவே வேகம் இழப்பதும் சுழற்சிக்கு நன்கு வளைவதும் வாய்ப்பு. அதையே நம்பிப் பழகிய பிள்ளை, பாடசாலை அணியில் கடினப்பந்தை எடுத்தவுடன் வெறுங்கையாகி நிற்பது பொறி.

இலங்கையில் மென்பந்திலிருந்து எழுந்த மெதுபந்தின் தலைசிறந்த சான்று லசித் மாலிங்க. காலிக்கு அருகே ரத்கமவில் மென்பந்து ஆடி வளர்ந்த அவரைச் சம்பக்க ராமநாயக்க கண்டெடுத்துக் கடினப்பந்துக்குக் கொண்டுவந்தார். 2007 மார்ச் 28இல் கயானாவில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அடுத்தடுத்த நான்கு பந்துகளில் அவர் நான்கு விக்கெட் எடுத்தபோது, முதலாவதாக ஷோன் பொலொக்கை வீழ்த்தியது மெதுவாக வந்து காலடியில் இறங்கிய பந்து. 2019 செப்டெம்பர் 6இல் பல்லேகலையில் நியூசிலாந்துக்கு எதிராக அதே சாதனையை மீண்டும் செய்தார். அவரது பக்கவாட்டுக் கைவீச்சைப் பின்பற்றும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய. ஆனால் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கை போகும் கோணத்தை அல்ல. வேகப்பந்துக்கும் மெதுபந்துக்கும் அந்தக் கை ஒரே வேகத்தில் வந்ததே பாடம். தமிழ்நாட்டில் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டெனிஸ் பந்தில் தொடங்கி இந்திய அணிவரை சென்ற நடராஜனின் வழியும் இதற்கு ஒப்பானது.

2.2 அமெரிக்க சொஃப்ட்போல்

மெதுபந்து கற்பித்தலை முறையான பாடமாக வளர்த்தெடுத்த துறை வேறொன்று உண்டு: 1887இல் சிகாகோவில் பிறந்து, 1996 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்காக நடந்து, பின்னர் டோக்கியோவில் மீண்டும் இடம்பெற்ற சொஃப்ட்போல். அதன் வேகவீச்சு வடிவத்தில் வீசுபவர் கையைக் காற்றாலை போல முழுவட்டமாகச் சுற்றி, இடுப்பருகே கீழிருந்து பந்தை விடுகிறார். பந்தின் சுற்றளவு 30 சென்ரிமீற்றர் அளவு. வீசுமிடத்துக்கும் அடிப்பவருக்கும் இடையே 13.1 மீற்றர் மட்டுமே. அங்கே 'சேஞ்ச்-அப்' எனப்படும் மெதுபந்து, சிறுமி வேகப்பந்துக்கு அடுத்ததாகக் கற்கும் முதற் பந்து. வளைபந்துகளும் எழும்புபந்துகளும் அதன் பின்னரே.

இவ்வொழுங்குக்குக் காரணம் உண்டு. வளைபந்து கையின் செயலை மாற்றச் சொல்கிறது. மெதுபந்தோ கையின் செயலை மாற்றாதே என்கிறது. ஆகவே அது வேகப்பந்தையும் சேர்த்தே உறுதிப்படுத்துகிறது. கிரிக்கெட் பயிற்றுநர் சொஃப்ட்போலிடமிருந்து கடன்பெற வேண்டியது இந்தத் தருக்கத்தையே. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார் கூடைப்பந்தை வளர்த்த ஊரில், வேற்று நாட்டு விளையாட்டொன்றின் பயிற்சி முறையை எடுத்தாள்வது புதிதல்ல.

3. கோட்பாடு: நேரமும் இறக்கமும்

3.1 நேர வேறுபாடு

காற்றுத்தடையையும் பந்து குத்தி எழும்போது இழக்கும் வேகத்தையும் விட்டுவிட்டு, வெறும் கணக்காகப் பார்ப்போம். 15 வயது வீச்சாளர் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வீசினால், 17.7 மீற்றர் தூரத்தை அப்பந்து 0.58 வினாடியில் கடக்கும். 85 கி.மீ. வேகத்தில் வீசினால் 0.75 வினாடி. வேறுபாடு 0.17 வினாடி. சொஃப்ட்போலில் வீசுபவர் ஓரடி முன்வைத்து விடும்போது எஞ்சும் தூரம் ஏறக்குறைய 11.3 மீற்றர், 95 கி.மீ. பந்துக்கு 0.43 வினாடி, 72 கி.மீ. பந்துக்கு 0.57 வினாடி. வேறுபாடு 0.14 வினாடி.

இரண்டு விளையாட்டிலும் மெதுபந்து வேகப்பந்தின் முக்கால் பங்கு வேகத்தில் அமைந்திருப்பதைக் காணலாம். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் சுழலும் துடுப்பின் நுனி 0.17 வினாடியில் 3 மீற்றருக்கு மேல் போய்விடும். அதாவது பந்து வருமுன் அடி முடிந்துவிடும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்று பிள்ளை நினைக்கும். அது தவறு. பாதி வேகப் பந்தைக் கண்டுகொண்ட துடுப்பாட்டக்காரருக்கு நின்று, எடை மாற்றி, மீண்டும் அடிக்கும் அவகாசம் கிடைத்துவிடுகிறது. கால் பங்கு குறைவுதான் ஏமாற்றும். அதற்கு மேற்பட்ட குறைவு எச்சரிக்கும்.

3.2 இறக்கம்

மெதுபந்து எங்கே விழுகிறது என்பதே தொடக்கநிலைப் பிள்ளைகள் தோற்கும் இடம். தரையிலிருந்து 2 மீற்றர் உயரத்தில் விடப்பட்டு, 12 மீற்றர் தூரத்தில் குத்தும் 110 கி.மீ. பந்தை எடுத்துக்கொள்வோம். அதே கோணத்தில் 85 கி.மீ. வேகத்தில் விட்டால், அது 10.3 மீற்றரிலேயே குத்திவிடும். நல்ல அளவில் விழ வேண்டிய பந்து 1.7 மீற்றர் முன்னதாக விழுந்து, மெதுவாக எழும்பி, அடிக்க வசதியாக இடுப்புயரத்தில் நிற்கும். பிள்ளையின் முதல் மெதுபந்துகள் ஏன் எல்லைக்கோட்டைத் தாண்டுகின்றன என்பதற்கு இதுவே விடை. அவன் கெட்டிக்காரத்தனம் குறைந்தவன் என்பதல்ல, ஈர்ப்புவிசைக்கு ஒதுக்கீடு செய்யவில்லை என்பதே.

அதே 12 மீற்றரில் விழச் செய்யப் பந்தை இரண்டரைப் பாகை அளவு மேல்நோக்கி விட வேண்டும். அதாவது ஒரு கணம் முன்னதாகக் கையிலிருந்து நழுவவிட வேண்டும். 'இரண்டரைப் பாகை' என்று பிள்ளையிடம் சொல்லிப் பயனில்லை. 'ஸ்டம்பின் உச்சிக்குக் குறி வை' என்றால் போதும். குறி அங்கே இருந்தால் பந்து நல்ல அளவில் விழும்.

இந்த மேல்நோக்கிய தொடக்கமே மெதுபந்தின் மற்றொரு ஏமாற்றும் ஆகும். பந்து துடுப்பாட்டக்காரரின் கண்மட்டத்துக்கு மேலாகப் புறப்பட்டுப் பின் இறங்குகிறது. 1999இல் லோர்ட்ஸ் மைதானத்தில் நியூசிலாந்தின் கிறிஸ் கெயன்ஸ் வீசிய மெதுபந்தை, தலைக்கு வரும் பந்தென எண்ணி இங்கிலாந்தின் கிறிஸ் ரீட் குனிந்தார். பந்து இறங்கி விக்கெட்டைத் தகர்த்தது. 1988இல் நொட்டிங்ஹம்ஷயருக்காக ஒரே பருவத்தில் 1,000 ஓட்டங்களும் 100 விக்கெட்டுகளும் கடந்த பார்படோஸ் வீரர் ஃபிராங்க்ளின் ஸ்டீபன்சனின் மெதுபந்துக்கும் இவ்வாறு குனிந்தவர்கள் உண்டு.

3.3 காற்று

எழுவான்கரை மைதானங்களில் பிற்பகலில் கடற்காற்று எழும். நடு ஆண்டு மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். வினாடிக்கு 5 மீற்றர் வேகக் காற்றை எதிர்த்து 85 கி.மீ. பந்து போகும்போது அதன்மீது காற்றுத்தடை ஏறக்குறைய பாதியளவு அதிகரிக்கிறது. கடினப்பந்தில் இது சிறிய விடயம். டெனிஸ் பந்தில் பெரியது. ஆகவே மென்பந்து ஆட்டத்தில் மெதுபந்து வீசுபவரைக் காற்றுக்கு எதிர்முனையிலும், வேகத்தை மட்டும் நம்புபவரைக் காற்றோடு சேர்ந்த முனையிலும் நிறுத்துவது அணித்தலைவர் அறிய வேண்டிய எளிய கணக்கு.

4. பிடி வகைகளும் அவற்றின் தகுதியும்

எல்லாப் பிடிகளும் ஒரே வேலையைச் செய்கின்றன: கை தரும் வேகத்தில் ஒரு பகுதியைப் பந்துக்குப் போகாமல் தடுக்கின்றன. எவ்வாறு தடுக்கின்றன என்பதில்தான் வேறுபாடு.

4.1 உள்ளங்கைப் பிடி

வேகப்பந்தில் பந்து விரல் நுனிகளில் இருக்கும். உள்ளங்கைக்கும் பந்துக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி தெரியும். உள்ளங்கைப் பிடியில் அந்த இடைவெளி மூடப்படுகிறது. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் பந்தின் மேல் விரிந்து படிகின்றன; பெருவிரலும் சின்னவிரலும் இரு பக்கமும் அணைக்கின்றன. விடும்போது விரல் நுனிகள் பந்தைத் தள்ளுவதில்லை. பந்து கையின் ஆழத்திலிருந்து கழன்று செல்கிறது. கடைசி உந்துதல் இல்லாததால் வேகம் தானே குறைகிறது. சிறிய கைக்கும் டெனிஸ் பந்துக்கும் இதுவே முதற் பிடி. சொஃப்ட்போலில் கை சிறிதாகவுள்ள சிறுமியருக்கும் இதன் வகையொன்று முதலில் கற்பிக்கப்படுவதுண்டு.

4.2 வெட்டுப் பிடி

சுட்டுவிரலும் நடுவிரலும் பந்தின் வலப்பக்கமாகக் கீழ்நோக்கி இழுபட, பந்து சுழன்றுகொண்டே போகும். வேகத்தில் ஒரு பங்கு சுழற்சியாக மாறும். வலக்கை வீச்சாளரின் ஓஃப்-கட்டர் குத்திய பின் வலக்கைத் துடுப்பாட்டக்காரருக்கு உள்ளே திரும்பும். பாய் விரித்த ஆடுகளத்தில் இது நன்றாகப் பிடித்துத் திரும்பும். மழுமழுப்பான சீமெந்துத் தளத்தில் அவ்வளவு பிடிக்காது. கடினப்பந்துக்கு மாறும் பிள்ளை கூடவே எடுத்துச் செல்லக்கூடிய பிடி இதுதான். ஆகவே இரண்டாவது பிடியாக இதைக் கற்பிக்க வேண்டும்.

4.3 பிரித்த விரற் பிடியும் நக்கிள் பிடியும்

சுட்டுவிரலையும் நடுவிரலையும் அகல விரித்து நடுவே பந்தைச் செருகுவது ஒன்று. விரல்களை மடக்கி, நுனியாலும் நகத்தாலும் பந்தைத் தாங்குவது மற்றது. 2011 உலகக் கிண்ணத்தில் சாகீர் கான் பயன்படுத்திய நக்கிள் பந்து பின்னர் பலரிடம் பரவியது. பின்சுழற்சி இல்லாமல் போவதால் பந்தைத் தாங்கும் மேலுந்தலும் இல்லை. எதிர்பார்த்ததைவிட விரைவாக இறங்கும். விரல் நீளமும் வலிமையும் வேண்டும் என்பதால் 16 வயதுக்கு முன் இவற்றை வற்புறுத்தக் கூடாது.

4.4 புறங்கைப் பிடி

1987 உலகக் கிண்ணத்தில் ஸ்டீவ் வோ வீசிய மெதுபந்துகளால் பெயர்பெற்றது இது. விடும் கணத்தில் மணிக்கட்டுத் திரும்பி, புறங்கை துடுப்பாட்டக்காரரை நோக்குகிறது. பந்து கையின் மேலாக உருண்டு, முன்சுழற்சியோடு இறங்குகிறது. சொஃப்ட்போலின் புறங்கைச் சேஞ்ச்-அப்பும் இதே கருத்தைக் கீழிருந்து செய்கிறது: முழுவட்டம் சுற்றிய கை இடுப்பைத் தாண்டும்போது புறங்கை முன்னே செல்ல, பந்து பின்னாலிருந்து கழலும். அழகான பந்து, ஆனால் கட்டுப்பாடு தவறினால் இடுப்புக்கு மேல் குத்தாமல் வரும் பந்தாகி, நோ போலும் ஆபத்தும் சேர்ந்துவிடும். கற்பித்தல் ஒழுங்கில் இதற்குக் கடைசி இடம்.

5. கற்பித்தல் ஒழுங்கு

5.1 முன்தகுதி

வேகப்பந்து நிலைபெறாத பிள்ளைக்கு மெதுபந்து கற்பிப்பதில் பொருளில்லை. வேறுபடுத்த ஒரு நிலையான வேகம் முதலில் இருக்க வேண்டும். எளிய சோதனை: நல்ல அளவில் சுண்ணாம்பால் ஒரு நீள்சதுரம் வரைந்து, பத்துப் பந்தில் ஆறு அதற்குள் விழுகின்றனவா என்று பார்க்கலாம். விழாவிட்டால் இன்னும் சில மாதம் வேகப்பந்தே போதும்.

5.2 முதற் படி: பந்தில்லாக் கை

நின்ற இடத்திலிருந்து பந்தில்லாமல் கையைச் சுற்றச் செய்ய வேண்டும். 'வேகம்' என்று சொல்லி ஒருமுறை, 'ஸ்லோ' என்று சொல்லி ஒருமுறை. 'ஸ்லோ' என்றதும் பெரும்பாலான பிள்ளைகளின் கை தானாகத் தளரும். திருத்தம் இங்கேயே தொடங்குகிறது. 'கை நிக்கப்படாது மனே, பந்துதான் பிந்தி வரணும்' என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்றுநர், பிடியைப் பற்றி நீண்ட விளக்கம் தருபவரைவிட விரைவில் பலன் காண்பார்.

5.3 இரண்டாம் படி: பாதித் தூரம்

11 மீற்றர் அளவில், ஓடிவராமல், இரண்டு பந்துகளை மாறி மாறி வீசச் செய்யலாம். உள்ளங்கைப் பிடியை இங்கே அறிமுகப்படுத்த வேண்டும். மெதுபந்து எங்கே விழுகிறது என்பதைப் பற்றி இப்போது பேசக் கூடாது. இலக்கைக் கொடுத்த உடனே பிள்ளை கையைத் தளர்த்தி, பந்தை 'வைக்க'ப் பார்க்கும். பந்து வலைக்கு மேலே போனாலும் போகட்டும். கை முழுவேகத்தில் வர வேண்டும். சொஃப்ட்போல் பயிற்சியிலும் சுவரையோ வலையையோ நோக்கி இலக்கின்றி வீசச் சொல்வது இதற்காகவே.

5.4 மூன்றாம் படி: கண்டுபிடிப்பு விளையாட்டு

முழு ஓட்டத்தோடு வீச்சாளர் வருகிறார். எதிர்முனையில் இன்னொரு பிள்ளை துடுப்பின்றி, வலைக்குப் பின்னால் நிற்கிறது. பந்து கையை விட்ட உடனே, அது குத்துமுன், 'வேகம்' அல்லது 'ஸ்லோ' என்று அப்பிள்ளை கத்த வேண்டும். சரியாகச் சொன்னால் அவருக்குப் புள்ளி, தவறினால் வீச்சாளருக்கு. பயிற்றுநர் சொல்லும் பத்துத் திருத்தங்களைவிட, சக பிள்ளை 'உன்ர முகத்திலயே தெரியுது' என்று சொல்லும் ஒன்று ஆழமாகப் பதியும். விளையாட்டு முடிந்ததும், எதைக் கண்டு தெரிந்துகொண்டாய் என்று கேட்பது கட்டாயம். ஓடிவரும் வேகம் குறைந்ததா, பிடி தெரிந்ததா, தலை நிமிர்ந்ததா என்ற விடைதான் அடுத்த நாள் பயிற்சிக்கான பாடத்திட்டம்.

5.5 நான்காம் படி: கைபேசி அளவீடு

வேகமானி இல்லாத கழகத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு. மெதுவசைவில் வினாடிக்கு 240 சட்டகம் பதியும் கைபேசியைப் பக்கவாட்டில் வைத்து, முன்கால் ஊன்றும் கணத்திலிருந்து பந்து கைவிடும் கணம் வரையான சட்டகங்களை எண்ணலாம். வேகப்பந்துக்கும் மெதுபந்துக்கும் எண்ணிக்கை ஒன்றாகவோ ஒன்றிரண்டு வேறுபட்டோ இருந்தால் கை ஏமாற்றுகிறது. மெதுபந்தில் ஐந்தாறு கூடினால் கை காட்டிக்கொடுக்கிறது. அதே பதிவில் பந்து கைவிட்டதிலிருந்து குத்தும் வரையான சட்டகங்களையும் எண்ணினால், வேகம் முக்கால் பங்காகக் குறைந்ததா என்பதும் ஏறக்குறையத் தெரியும்.

5.6 ஐந்தாம் படி: குறி

கை உறுதியான பின்னரே குறி. முன்னே கணக்கிட்டதுபோல் ஸ்டம்பின் உச்சியைக் குறியாகக் கொடுக்க வேண்டும். சொஃப்ட்போலில் பந்து தரையில் குத்துவதில்லை. அங்கே மெதுபந்து முழங்கால் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும், மேலே நின்றால் அடிபடும். கிரிக்கெட்டில் இரண்டு இடங்கள் பயன் தரும்: காலடியில் இறங்கும் யோர்க்கர் அளவு, அல்லது குத்தி எழும்பாமல் நின்று வரும் நல்ல அளவு. இவ்விரண்டுக்கும் வெளியே விழுவது பரிசு.

6. பருவமும் பயிற்சி நாட்காட்டியும்

கார்த்திகை முதல் தை வரை வடகீழ்ப் பருவமழையில் மைதானங்கள் நீர்ப்பிடியாகும். பந்தில்லாக் கைப்பயிற்சி, பிடி மாற்றம், பாதித் தூர வீச்சு ஆகியவை பாடசாலை மண்டபத்துக்குள்ளேயே செய்யத்தக்கவை என்பதால், முதல் இரு படிகளுக்கு இக்காலம் பொருத்தமானது. பெரும்போக அறுவடை முடிந்து படுவான்கரை வயல்கள் வெளிக்கும்போது கண்டுபிடிப்பு விளையாட்டைத் தொடங்கலாம். தாளடி மண்ணில் பந்து எழும்பும் உயரம் ஒழுங்கற்றது. ஆகவே குறிப் பயிற்சியைச் சீமெந்து அல்லது பாய் விரித்த தளத்துக்கு ஒத்திவைப்பது நல்லது. சித்திரைப் புத்தாண்டையொட்டிச் சுற்றுப்போட்டிகள் வரும்போது, பிள்ளையின் கையில் ஒரே ஒரு மெதுபந்து இருந்தால் போதும். இரண்டாவது பிடியை அடுத்த மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

7. ஆட்டத்தில் பயன்படுத்தல்

7.1 யாருக்கு வீசக் கூடாது

சொஃப்ட்போல் பயிற்றுநரிடையே நிலைத்த விதி ஒன்று: உன் வேகப்பந்துக்குப் பிந்தி அடிப்பவருக்கு மெதுபந்து வீசாதே. வேகத்தைப் பிடிக்க முடியாமல் தவிப்பவருக்கு மெதுபந்து வீசுவது, அவருடைய துடுப்பின் வேகத்துக்குப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் உதவி. மென்பந்துக் கிரிக்கெட்டில் இதை அறிவது எளிது. வலக்கைத் துடுப்பாட்டக்காரரின் அடி ஓஃப் பக்கம் பின்னோக்கிப் போகிறதென்றால் அவர் பிந்துகிறார். லெக் பக்கம் இழுபடுகிறதென்றால் முந்துகிறார். முந்துபவருக்கே மெதுபந்து.

7.2 எத்தனை

ஓர் ஓவரில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேற்போனால் மெதுபந்தே அவருடைய வழக்கமான வேகமாகிவிடும். ஓவரின் கடைசிப் பந்தை மட்டும் எப்போதும் மெதுவாக வீசும் பழக்கமும் இளையோரிடம் உண்டு. இரண்டு ஓவர் பார்த்த எதிரணி மூன்றாவதில் காத்திருக்கும். விக்கெட் விழாவிட்டாலும் மெதுபந்து பயனற்றதல்ல: அடுத்து வரும் வேகப்பந்துக்குத் துடுப்பாட்டக்காரர் கால் வினாடி தயங்கினால், விக்கெட் அந்தப் பந்துக்கு விழும்.

7.3 மறைத்தல்

சொஃப்ட்போலில் கையுறைக்குள் பிடியை மாற்றலாம். கிரிக்கெட்டில் அந்த வசதி இல்லை. ஓடிவரும் முதற் சில அடிகளில் இடக்கையால் பந்தை மூடி, பிடியை முடிவுசெய்து, பின்னர் கண்ணைப் பந்தின்மீது வைக்காமல் வர வேண்டும். பந்தைக் குனிந்து பார்க்கும் பிள்ளை தன் திட்டத்தைப் படித்துக் காட்டுகிறது.

8. உடற் பாதுகாப்பு

மெதுபந்து கைக்கு ஓய்வு தரும் பந்து என்ற எண்ணம் பிழை. கை முழுவேகத்தில் சுற்றுவதால் தோளுக்கும் முதுகுக்கும் சுமை வேகப்பந்துக்கு நிகரே. ஆகவே பயிற்சியில் வீசும் மெதுபந்துகளையும் மொத்த எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை வேகப்பந்து வீசும் சிறுவருக்கு வகுத்த வரம்பு நமக்கும் வழிகாட்டும்: 13 வயது வரை தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளில் 10; 14, 15 வயதில் தொடர்ச்சியாக 6, ஒரு நாளில் 12. ஒரே நாளில் பல ஆட்டங்கள் வரும் சுற்றுப்போட்டிகளில் இவ்வரம்பைக் காப்பது அணித்தலைவரின் பொறுப்பல்ல, பெரியவர்களின் பொறுப்பு.

சொஃப்ட்போலிலும் இதே பாடம் உண்டு. ஜப்பானின் யுகிகோ உவேனோ 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் இரண்டு நாளில் 413 பந்து வீசித் தங்கம் வென்றார். டோக்கியோவிலும் தங்கம் வென்ற அணியில் இருந்தார். அது முதிர்ந்த வீராங்கனையின் அருஞ்செயல், பிள்ளைகளுக்கான அளவுகோல் அன்று.

கடினப்பந்துக்கு மாறும் முதற் பருவத்தில் நிறை குறைந்த சிறுவர் பந்தைப் பயன்படுத்துவது மணிக்கட்டுக்கு நல்லது. உள்ளங்கைப் பிடியை முதலில் அதிலே மீண்டும் பழக்கி, பின்னர் முழு நிறைக்குப் போகலாம். பெண்பிள்ளைகளுக்கும் இதே ஒழுங்குதான். பிடியைத் தீர்மானிப்பது கையின் அளவு, பால் அல்ல.

9. முடிவுரை

ஆய்வின் முடிவுகளைச் சுருக்கினால் நான்கு. மெதுபந்தின் தகுந்த வேகம் அந்தப் பிள்ளையின் வேகப்பந்தில் முக்கால் பங்கு. கற்பித்தல் கை வேகத்திலிருந்து தொடங்கி, பிடிக்கும் பின்னர் குறிக்கும் செல்ல வேண்டும். பிடிகளில் உள்ளங்கை முதலில், வெட்டு அடுத்து, புறங்கை கடைசியில். முந்தி அடிப்பவருக்கு வீச வேண்டும், பிந்தி அடிப்பவருக்கு வீசக் கூடாது.

இவற்றுக்குப் பெரிய செலவில்லை. ஒரு பழைய டெனிஸ் பந்து, சிறிது சுண்ணாம்பு, மெதுவசைவில் படம்பிடிக்கும் ஒரு கைபேசி, பொறுமையுள்ள ஒரு பெரியவர் போதும். மென்பந்துக் கழகங்களில் மூத்த வீரர்களாக இருப்போரும் பாடசாலை உடற்கல்வி ஆசிரியர்களும் வரும் மழைக்காலத்திலேயே முதற் படியைத் தொடங்க வேண்டும். மெதுபந்தைப் பிள்ளைகள் தாமாகக் கற்றுக்கொள்வார்கள் என்று இனியும் விட்டுவைத்தால், அவர்கள் தொடர்ந்து கற்கப்போவது கையைத் தளர்த்துவதை மட்டுமே.